பெயரை எடுத்துவிடுங்கள்

திருவனந்தபுரத்துக்கு முதுகலை படிக்கப் போனபோது மொழியைப் பற்றி எனக்குக் கவலையே இருக்கவில்லை. நான் யாழ்ப்பாணத்துப் பெண். தமிழ் இருக்கிறது, ஆங்கிலம் ஓரளவு இருக்கிறது, புட்டும் இடியப்பமும் அங்கேயும் கிடைக்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். உதவித்தொகை கிடைத்த செய்தி வந்ததும் அம்மா, "கடலைத் தாண்டினா அடுத்த வீடுதானே பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே ஊறுகாய்ப் போத்தலைத் துணியில் சுற்றத் தொடங்கிவிட்டார்.

முதல் வாரத்திலேயே அந்தத் துணிச்சல் போய்விட்டது. சமூகவியல் வகுப்பை எங்கள் டீச்சர் ஆங்கிலத்தில்தான் தொடங்குவார். ஐம்பதைத் தாண்டியவர், நன்றாகக் கற்பிப்பவர். ஆனால் பாடத்தில் சிக்கலான இடம் வந்ததும் தன்னை அறியாமலே மலையாளத்துக்குப் போய்விடுவார். சிக்கலும் அதில்தான் அவிழும், பகிடியும் அதில்தான் வரும். வகுப்பு முழுவதும் சிரிக்கும். ஜன்னலோரம் இருந்த நாங்கள் ஒரு கணம் பிந்தி, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரிப்போம். அங்கே போய் இருங்கள் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்த வரிசையில் ஒதுங்கிக்கொண்டோம். ஊர்ப் பிள்ளைகள் மற்றப் பக்கம். நடுவில் ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் பாதை.

பாதி புரிவது ஒன்றுமே புரியாததைவிடக் கஷ்டம். "பறயூ" என்று டீச்சர் யாரையாவது கேட்டால் என் காது நிமிரும். எங்கள் ஊரிலும் வயதான ஆட்கள் பேசுவதைப் 'பறையிறது' என்பார்கள். அடுத்த வார்த்தையில் மறுபடியும் தொலைந்துபோவேன். விடுதிச் சாப்பாட்டு அறையில் தண்ணீர்க் கூசாவை நீட்டி "வெள்ளம் வேணோ?" என்றார்கள். எங்கள் ஊரில் வெள்ளம் என்றால் மாரியில் வீட்டுக்குள் வருவது என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொல்ல ஆள் இருக்கவில்லை.

எனக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவர் தான்சானியாக்காரர். ஏரிக்கரை ஊர் ஒன்றில் பள்ளிக்கூடத்தில் புவியியல் கற்பித்தவர். மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் விட்டுவிட்டு, விடுப்பு எடுத்து வந்திருந்தார். எங்களைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சட்டையை மடிப்புக் கலையாமல் தேய்த்து, வேலைக்குப் போகிறவர் மாதிரித்தான் வகுப்புக்கு வருவார். ஆற்றிங்கலில் இருந்து தினம் பஸ்ஸில் வந்து போகும் ஒரு மாணவன், அவர் ஆசிரியர் என்று தெரிந்த அன்றே அவரை "மாஷே" என்று கூப்பிட ஆரம்பித்தான். மலையாளத்தில் வாத்தியாரை அப்படித்தான் அழைப்பார்கள். பிறகு எல்லோருக்கும் அவர் மாஷ் ஆகிவிட்டார்.

முதல் பருவத்தின் நடுவில் டீச்சர் எங்களை நான்கு நான்கு பேராகப் பிரித்தார். ஒவ்வொரு குழுவிலும் இரண்டு ஊர்ப் பிள்ளைகள், இரண்டு வெளியூர்க்காரர். எங்கள் குழுவில் நானும் மாஷும், ஆற்றிங்கல்காரனும், நகரின் பழைய சந்தைப் பகுதியான சாலையைச் சேர்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணும். அவளுடைய அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசி, பயறு மொத்த வியாபாரம். வீடு ஆரியசாலைச் சந்து ஒன்றில். நாகர்கோவில் பக்கத்தில் இருந்து இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்த குடும்பம்.

டீச்சர் என்னையும் அவளையும் காட்டி, "நிங்ஙள் ரெண்டாளும் தமிழல்லே, பின்னெ எந்தா பிரச்னம்?" என்றார். தமிழர்கள்தானே, பிறகென்ன என்று.

அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, ஊர்ல எல்லாரும் சொகந்தானா? ஹாஸ்டல்ல ஊணு கொள்ளாமா?" என்றாள்.

சாப்பாடு எதற்குள் கொள்ள வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. நன்றாக இருக்கிறதா என்று கேட்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. சமாளித்துக்கொண்டு, "ஓம், பரவாயில்லை. நீர் ஒவ்வொரு நாளும் வீட்டில இருந்தே வாறீர்?" என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நீரா? எங்க அப்பா கடைக்கு வார பெரிய ஆம்பளைங்களத்தான் 'நீரு'ம்பாங்க. எனக்கு மீசை வச்ச மாதிரி இருக்கு அக்கா."

நானும் சிரித்தேன். ஆனால் இன்னும் நாலைந்து வாக்கியங்களுக்குள் இருவருமே ஆங்கிலத்துக்கு மாறிவிட்டோம். இரண்டு தமிழ்ப் பெண்கள், மூன்றாம் மொழி ஒன்றில், ஒருவருக்கொருவர் மரியாதையாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்களுக்குக் கிடைத்த தலைப்பு சாலைச் சந்தையின் வணிகக் குடும்பங்கள். போனில் குழு ஒன்று தொடங்கினார்கள். அதில் ஊர்க்காரர் இருவரும் மலையாளத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் குவிப்பார்கள். மாஷ் ஒவ்வொரு காலையும் ஆங்கிலத்தில், "நாம் எப்போது சந்திக்கிறோம்?" என்று கேட்பார். அந்த நாட்களில் எனக்கும் அவருக்கும் வெளிநாட்டவர் பதிவுக்காக அலுவலகத்துக்கு அலைச்சல். ஆற்றிங்கல்காரன் என்னைத் தாழ்வாரத்தில் கண்டபோது, "சேச்சி, டென்ஷன் ஆவண்டா. ஞங்ஙள் செய்தோளாம்" என்றான். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்ற அந்த வார்த்தை எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நான் தலையாட்டினேன்.

அவர்கள் சொன்ன மாதிரியே செய்தார்கள். அறிக்கை வந்தது. நேர்த்தியான அட்டை, வரைபடம், படங்கள். முதல் பக்கத்தில் நால்வர் பெயரும் அகரவரிசையில். எழுத்தில் ஒரு வரிகூட என்னுடையதோ மாஷுடையதோ இல்லை. டீச்சர் வகுப்பில் பாராட்டி, மதிப்பெண்ணையும் வாசித்தார். மற்ற எந்தக் குழுவுக்கும் அவ்வளவு கிடைக்கவில்லை. சாலைக்காரி பாதையைத் தாண்டி எங்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள்.

மாஷ் எழுந்து நின்றார். சட்டையின் கைப்பொத்தானைத் தடவிக்கொண்டே, மெதுவான ஆங்கிலத்தில், "மேடம், இதில் என் வேலை ஒன்றும் இல்லை. என் பெயரை எடுத்துவிடுங்கள்" என்றார்.

டீச்சர், "உங்களுக்கும் சேர்த்துத்தானே மதிப்பெண்" என்றார்.

"தெரியும். இவர்கள் நல்ல பிள்ளைகள். நல்ல மனதோடுதான் போட்டிருக்கிறார்கள். ஆனால் என் மகள்கள் போனில் கேட்கிறார்கள், அப்பா இன்றைக்கு என்ன படித்தீர்கள் என்று. நான் என்ன சொல்வது?"

சாலைக்காரியின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆற்றிங்கல்காரன் முகம் சிவந்து ஜன்னலைப் பார்த்தான். டீச்சர் என் பக்கம் திரும்பினார். நான் மேசையைப் பார்த்தேன். உதவித்தொகைக்கு மதிப்பெண் வேண்டும். அவர் செய்தது சரி என்றும் தெரியும்.

டீச்சர் கோபப்படவில்லை. சற்று யோசித்துவிட்டு, "நால்வரும் இன்னொன்று செய்யுங்கள். தலைப்பு உங்கள் விருப்பம். இந்த அறிக்கை என்னிடம் இருக்கட்டும்" என்றார்.

அன்று மாலைக்குள் ஆற்றிங்கல்காரன் போன் குழுவில் இருந்து விலகிவிட்டான். மறுநாள் சாலைக்காரி என் பக்கம் திரும்பவே இல்லை. வகுப்பு முடிந்து அவள் கிழக்கேகோட்டை பஸ்ஸில் ஏறியபோது நானும் பின்னால் ஓடி ஏறி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு நகரத்தில் ஒரு வேலையும் இல்லை. மழை பிடித்துக்கொண்டது. கண்டக்டர் ஷட்டரை இறக்கச் சொல்லிக் கத்தினார். இறக்கியதும் பஸ் இருட்டாகிவிட்டது. இருட்டில் பேசுவது சுலபமாக இருந்தது.

"என்னோட கோவமோ?" என்று கேட்டேன். தமிழில்தான், எங்கள் வீட்டுத் தமிழில்.

"உங்ககிட்ட எதுக்குக் கோவம்? அவருகிட்டதான். நாங்க என்ன களவா செஞ்சோம்? ஹெல்ப்புதானே செஞ்சோம்?"

"களவில்லை. ஆனா எங்களைக் கேக்கேல்லையே. எங்களால ஏலாது எண்டு நீங்களே முடிவு கட்டிப்போட்டியள்."

"ஐயோ, அப்படி இல்ல அக்கா." அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சத்தியமா சொல்லட்டா? நான் கிளாஸ்ல எல்லாரு முன்னாலயும் இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை பேசி நீங்க கேட்டிருக்கீங்களா? உங்க ரெண்டு பேரையும் கூட்டினா எல்லாமே இங்கிலீஷ்ல ஆகணும். அவனுக்கும் பேடி, எனக்கும் பேடி. நாங்களே செஞ்சா சீக்கிரம் தீருமே, அவ்ளோதான்" என்றாள்.

பேடி என்றால் அங்கே பயம். அது எனக்குத் தெரிய ஒரு நிமிடம் ஆனது. தெரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை நாளும் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தார்கள். நாங்கள் அவர்களைப் பார்த்து.

"நான் உம்மளோட ஆங்கிலத்தில கதைச்சது ஏன் தெரியுமே?" என்றேன். "என்ர தமிழைக் கேட்டு நீர் சிரிச்சுப் போட்டீர்."

"உங்க தமிழு அடிபொளியாட்டு இருக்கு அக்கா. ரேடியோ கேக்கிற மாதிரி. என் தமிழுதான் பாதி மலையாளம். இதப் போய் உங்ககிட்ட எப்படிப் பேசுததுன்னு வெட்கம்."

கிழக்கேகோட்டையில் இறங்கினோம். அவளிடம் குடை இருந்தது. ஒரே குடையில் சாலைத் தெருவின் முனைவரை நடந்தோம், தோள்கள் இரண்டும் நனைந்தன. அவள் வீட்டுக்குத் திரும்பும் இடத்தில், "மாஷ்கிட்ட நான் எப்படிப் போய் நிக்க?" என்றாள். "என்னோட வாரும், ரெண்டு பேரும் போய் நிப்பம்" என்றேன்.

மறுநாள் ஆற்றிங்கல்காரனையும் இழுத்துக்கொண்டு போனோம். மாஷ் கான்டீனில் தனியாக இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். யாரும் மன்னிப்புக் கேட்க அவர் விடவில்லை. நாற்காலிகளை இழுத்துப் போட்டார். "எனக்கு ஒரே ஒரு விதி வேண்டும்" என்றார். "யாருக்காவது விளங்கவில்லை என்றால் உள்ளங்கையை மேசை மேல் வைக்க வேண்டும். பேசுகிறவர் வேறு விதமாகச் சொல்ல வேண்டும். அவருக்குப் பதிலாக இன்னொருவர் சொல்லக் கூடாது."

முதல் நாள் மேசையில் யாருடைய கையாவது இருந்துகொண்டே இருந்தது. மாஷ் வேகமாகப் பேசினால் என் கை. ஆற்றிங்கல்காரன் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் தொடங்கி நடுவில் நின்றுவிடுவான். மாஷ் கையை எடுக்காமல், முகத்தில் பொறுமை குறையாமல் காத்திருப்பார். எங்களுக்கு முந்திக்கொண்டு சொல்ல வாய் துடிக்கும். அவன் எப்படியோ முடிப்பான். முடித்ததும் தண்ணீர் குடிப்பான். அன்றைக்கு அவன் குடித்த தண்ணீர் கொஞ்சமல்ல.

சாலையில் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தத் தெருவை எப்படிப் பழகுகிறார்கள் என்பதைத் தலைப்பாக எடுத்துக்கொண்டோம். சொன்னது யார் என்று ஞாபகமில்லை. நால்வருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது போலத்தான் இருக்கிறது.

சாலையில் எங்கள் வேலை எதிர்பாராத விதமாக நடந்தது. சாலைக்காரி ஒரு கடையில் போய்க் கேள்வி கேட்டால், "உனக்குத் தெரியாததா மக்களே, அப்பாகிட்ட கேட்டுக்கோ" என்று கடைக்காரர் அடுத்த வேலையைப் பார்ப்பார். அங்கே ஒற்றைப் பிள்ளையும் 'மக்களே'தான். ஆற்றிங்கல்காரன் கேட்டால், எந்தப் பத்திரிகையில் இருந்து என்று சந்தேகமாகப் பார்ப்பார்கள். மாஷ் போய் நின்று, படித்து வைத்திருந்த மலையாளத்தில் "நமஸ்காரம், எனிக்கு ஒன்னும் அறியில்லா" என்றதும் ஸ்டூல் வந்தது, சாயா வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்கிற ஆளிடம் யாருக்கும் எதையும் மறைக்கத் தோன்றவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது என்று ஊர்ப் பிள்ளைகள் கேட்காமல் விட்டதை அவர் கேட்டார். ஒரே பொருளை விற்கிற கடைகள் ஏன் அடுத்தடுத்து இருக்கின்றன? சுமை தூக்குகிறவர் தலையில் கட்டும் துணியை எப்படிச் சுற்றுகிறார்? கடைக்காரர்கள் பதிலை விரித்து விரித்துச் சொன்னார்கள். ஆனால் அந்தப் பதில்கள் தமிழிலும் மலையாளத்திலும் கலந்து வந்தன. ஆற்றிங்கல்காரன் ஒரு பாதியைப் பிடிப்பான், நான் ஒரு பாதியைப் பிடிப்பேன், இரண்டும் இல்லாத சாலை வார்த்தைகளை அவள் அவிழ்ப்பாள். ஒருவர் இல்லாவிட்டால் அந்த வாக்கியம் மாஷிடம் போய்ச் சேராது.

பாத்திரக் கடையில் வேலைக்கு இருந்த தென்காசிக்காரர் ஒருவரிடம், மலையாளம் எப்படிப் பழகினீர்கள் என்று கேட்டேன். "ஏச்சு வாங்கி வாங்கித்தான்" என்றார். "மொதல்ல ஏச்சுதான் புரிஞ்சுது. பொறவு ஒருநா சாயாக் கடைக்காரர் 'சுகமாணோ'ன்னு கேட்டாரு. அன்னைக்குத்தான் இந்த ஊருல இருந்திரலாம்னு தோணிச்சு." நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது மாஷ் அந்தச் 'சுகமாணோ'வை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஒருநாள் சாலைக்காரியின் அப்பா எங்களைக் கடையில் இருந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். பருத்த மனிதர், மெல்லிய குரல். "இருங்க மக்களே, இருங்க" என்று பாயை விரித்தார். மாஷ் அவரிடமும் ஒரு கேள்வி கேட்டார்: கோபம் வந்தால் எந்த மொழியில் பேசுவீர்கள்?

அவர் யோசித்தார். "ஆளப் பொறுத்து. சுமட்டுக்காரங்ககிட்ட மலையாளம். இவகிட்ட தமிழு. இவ அம்மைகிட்ட கோவப்பட எனக்குத் தைரியம் கிடையாது."

அம்மா புட்டும் கடலைக்கறியும் கொண்டுவந்து வைத்தார். மாஷ் புட்டைக் கையால் உருட்டிக் கறியில் தோய்த்த விதத்தைப் பார்த்து அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஊரிலும் மாவைக் கிண்டி இப்படித்தான் உருட்டிச் சாப்பிடுவோம் என்றார் மாஷ். அப்பா என் பக்கம் திரும்பி, "வீட்ல அப்பா அம்மை எல்லாம் சொகமா மக்களே?" என்றார்.

"அம்மா சுகமா இருக்கிறா. அப்பா இல்லை" என்றேன்.

அவர் எப்போது, எப்படி என்று கேட்கவில்லை. எங்கள் ஊரின் பெயரைக் கேட்டதுமே போரை நினைத்து எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். அவர் எழுந்து, தன் பக்கம் திரும்பியிருந்த மேசை விசிறியை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். பிறகு போய்ப் பழைய இடத்தில் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்தார். குனிந்து புட்டைச் சாப்பிட்டேன். தலையை நிமிர்த்தினால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

அறிக்கையை வகுப்பில் நால்வரும் சேர்ந்துதான் சொன்னோம். ஆற்றிங்கல்காரன் ஆங்கிலத்தில் சொன்னான், முடித்ததும் தண்ணீர் குடித்தான். மாஷ் நடுவில் மலையாளத்தில் ஒரு வாக்கியம் சொன்னபோது வகுப்பே மேசையைத் தட்டியது. சாலைக்காரி, கடைத்தெருவில் பேசுகிற அதே தமிழில் ஒரு வியாபாரியின் பேச்சைச் சொல்ல, நான் ஆங்கிலத்தில் சொன்னேன். ஒரு இடத்தில் நான் பிழையாகச் சொல்லிவிட்டேன். அவள் எல்லோர் முன்னாலும், ஆங்கிலத்திலேயே, என்னைத் திருத்தினாள். திருத்திவிட்டுத் தானே திகைத்துப்போய் நின்றாள்.

மதிப்பெண் முதல் அறிக்கையைவிடக் குறைவு. ஒழுங்கு போதாது, ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் தொடர்ச்சி இல்லை என்று டீச்சர் சொன்னார். உண்மைதான், நாலு கைகள் எழுதியது அப்பட்டமாகத் தெரிந்தது. மாஷ் மதிப்பெண் போட்ட தாளைப் படம் எடுத்து உடனே வீட்டுக்கு அனுப்பினார். மகள்களின் பதில் குரல்பதிவாக வந்தது. எங்கள் மூவருக்கும் ஒரு வார்த்தைகூட விளங்காவிட்டாலும் நால்வரும் தலைகளைச் சேர்த்துக் கேட்டோம்.

டீச்சரும் மாறினார். மலையாளத்தில் பகிடி சொல்லிவிட்டு, நின்று, அதை ஆங்கிலத்திலும் சொல்வார். ஆங்கிலத்தில் அது பகிடியாகவே இருக்காது. சொல்லி முடித்துவிட்டு எங்களைப் பார்ப்பார். அந்த முகத்துக்காகவே நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சில குழுக்கள் கடைசிவரை பெயருக்குத்தான் குழுவாக இருந்தன. ஜன்னலோர வரிசையும் முற்றாகக் கலையவில்லை; பரீட்சை நெருங்கினால் எல்லோரும் பழைய இடத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் எங்கள் நால்வருக்கும் பரீட்சைக் காலத்திலும் கான்டீன் மேசைதான். கேள்வி எந்தப் பக்கமாக வரும் என்று ஆற்றிங்கல்காரனுக்குத் தெரியும். அதற்கு ஏன் அப்படிப் பதில் எழுத வேண்டும் என்று மாஷ் விடாமல் கேட்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் நான் படித்ததுதான் இன்றும் நினைவில் நிற்கிறது.

படிப்பு முடிந்ததும் மாஷ் முதலில் போனார். அவருடைய பள்ளிக்கூடம் திறக்கும் நாள் நெருங்கியிருந்தது. நான் புறப்படுவதற்கு முந்தின நாள் மத்தியானம் சாலைக்காரி பெட்டி அடுக்க உதவுகிறேன் என்று விடுதிக்கு வந்தாள். அவளுடைய அம்மா கொடுத்தனுப்பிய நேந்திரங்காய் வறுவலும், அப்பா கட்டிக்கொடுத்த பயறும் அவள் பையில் இருந்தன. பயறை விமானத்தில் கொண்டுபோவதா என்று நான் சிரித்தேன். "அப்பாகிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

சேலைகளை மடித்துக்கொடுத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு கல்லூரியில் நேர்முகம் வந்திருக்கிறது, அதில் என்ன கேட்பார்கள், ஆற்றிங்கல்காரன் தாடி வளர்க்கிறான், அது அவனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை. அவள் தமிழில் நான் இப்போது எங்கும் தடுக்கி விழவில்லை. மடித்த துணிகள் குறையக் குறைய அவள் பேச்சும் குறைந்தது. திரும்பிப் பார்த்தபோது கட்டிலில், என் துவாயைத் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்கிவிட்டிருந்தாள்.

இன்னும் பாதிப் பெட்டி அடுக்க வேண்டியிருந்தது. அந்தத் துவாயும் உள்ளே போக வேண்டியதுதான். ஜன்னல் கதவைச் சாத்தி வெயிலை மறைத்துவிட்டு, சத்தம் வராமல் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன்.